ஏற்கெனவே வேலையில் இருப்பவள்

ஒரு வேலையில் சேருவதற்குள் ஒரு மனுஷி தன் பெயரை எத்தனை தடவைதான் எழுதுவாள்? சிவசங்கரி எண்ணிக்கொண்டே வந்தாள். பதினேழோடு எண்ணுவதை விட்டுவிட்டாள். திருப்பதியில் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மாடியில் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவள், பதினொன்றே முக்கால் ஆகியும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். விரல் காய்த்துவிடும் போலிருந்தது. படிக்கிற காலத்தில் பரீட்சைக்குக்கூட இவ்வளவு எழுதியதில்லை.

வருமான வரிக்கென்று தனியாக ஒரு தாள். வீட்டுக் கடனுக்கு வட்டி எவ்வளவு கட்டுகிறீர்கள், வாடகை எவ்வளவு, ஆயுள் காப்பீடு எவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எவ்வளவு. மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு வரப்போகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கடன் கொடுக்க எந்த வங்கி இருக்கிறது, கட்டிக்கொள்ள எவன் இருக்கிறான், பிள்ளைக்கு எங்கே போவது? எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதி எழுதி, கடைசியில் மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்துவிட்டாள். கோடு போடக் கூடாது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். எழுதினாள்.

அடுத்தது பி.எஃப். தாள். பதினொன்றாம் எண் படிவமாம். இதற்கு முன்னால் எங்கேயாவது பி.எஃப். உறுப்பினராக இருந்திருக்கிறீர்களா? இது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குப் பதில் நன்றாகத் தெரிந்த கேள்வி. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து ஒரு வருஷமாகப் புத்தூருக்கும் சித்தூருக்கும் திருப்பதிக்குமாகப் பஸ் ஏறி இறங்கியவளுக்கு முன்னால் ஏது வேலை? 'இல்லை' என்று அழுத்தி ஒரு டிக் போட்டாள்.

எச்.ஆர். மேடம் சுலோசனா அந்தத் தாளை வாங்கி, ஆதார் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். தட்டிவிட்டுக் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"ஏமம்மா, நீ ஏற்கெனவே வேலைல இருக்கியே?"

"யாரு மேடம்?"

"நீதான். நாலு வருஷமா. போன மாசம்கூட உன் பேருக்குப் பணம் கட்டிருக்காங்க."

"மேடம், நம்பர தப்பா அடிச்சிட்டீங்க."

சுலோசனாவுக்கு அது பிடிக்கவில்லை. நம்பரை ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்து மறுபடியும் அடித்தார். மறுபடியும் அதேதான். பான் எண்ணைப் போட்டு வருமான வரிக் கணக்கைத் திறக்கச் சொன்னார். சிவசங்கரியின் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொன்னதும் அதுவும் திறந்தது. அங்கேயும் வருஷா வருஷம் சம்பளம் வரிசையாக நின்றது. சத்தியவேடு பக்கத்தில் செல்போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனி. தகப்பன் பெயர் சரி, பிறந்த தேதி சரி, ஊர் கார்வேட்டிநகரம் மண்டலம், அதுவும் சரி.

"ரெண்டு எடத்துல பி.எஃப். நடக்காதும்மா. ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க. அங்க விலகின தேதி ஏறணும், ரிலீவிங் லெட்டர் வேணும். சனிக்கெழமைக்குள்ள கொண்டா. திங்கக்கெழமை ஒண்ணாந்தேதி, நீ இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த பொண்ணு இருக்கா."

"நான் சேரவே இல்லையே மேடம், எப்படி விலகுறது?"

"அதெல்லாம் நாக்கு தெலீது," என்று தெலுங்கில் கைவிரித்துவிட்டு சுலோசனா அடுத்த ஃபைலை எடுத்தார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. சிவசங்கரி படியில் இறங்கும்போது, எவனோ ஆன்லைன் திருடன் தன் ஆதாரைத் திருடிவிட்டான் என்றுதான் நினைத்தாள். கீழ்ப்படிக்கு வந்தபோதுதான் திரையில் பார்த்த தேதி உறைத்தது. நாலு வருஷத்துக்கு முந்திய ஆகஸ்ட். அண்ணி ஸ்வர்ணலதா கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்த மாதம். அண்ணி படித்தது எட்டாவதோடு சரி. கம்பெனியில் பத்தாவது பாஸ் கேட்பார்கள். பத்தாவது சர்ட்டிபிகேட் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

போனை எடுத்து அம்மாவை அழைத்தாள்.

"ஆமா, குட்த்தோம்," என்றாள் செல்லியம்மா, வாயில் வெற்றிலையோடு. "அதுக்கு இன்னா இப்போ?"

"இன்னாவா? என் சர்ட்டிபிகேட்ட, என் ஆதார, என் பான் கார்ட தூக்கிக் குட்த்திருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"நீ ஆஸ்டல்ல படிச்சிக்கினு இருந்த. படிக்கிற பொண்ணுகிட்ட போயி இதெல்லாம் சொல்லுவாங்களா? பொட்டியிலதானே தூங்கிக்கினு இருந்துது அந்த காயிதம். உன் பேரு இன்னா, எடுத்துக்கினா தேஞ்சா போய்டும்?"

"அம்மா!"

"கத்தாத. உன் ஆஸ்டல் பீஸு பின்ன எங்கேர்ந்து வந்துது? உங்க அண்ணன் லாரில மாங்கா லோடு ஏத்துறதுல வந்துதுன்னு நெனச்சிக்கினியா?"

அப்படித்தான் நினைத்திருந்தாள். அதை ஒப்புக்கொள்ள அப்போது மனசு வரவில்லை. "அதுக்கு என் பேர வாடகைக்கு உட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தாள். இந்த வீட்டில் யாருக்கும் எதையும் சொல்கிற வழக்கமே கிடையாது என்று அவளுக்கு எரிந்தது. மாடு விற்றதைச் சொல்லவில்லை, அண்ணனுக்குப் பெண் பார்த்ததைக்கூட நிச்சயத்துக்கு முந்தின நாள்தான் சொன்னார்கள். இப்போது அவளே நாலு வருஷமாக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், அதையும் சொல்லவில்லை.

ஸ்வர்ணலதா சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தாள். கம்பெனி பஸ் புத்தூரில் இறக்கிவிடும், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வாசலில் உட்கார்ந்து, முதல் காரியமாகப் பைக்குள்ளிருந்து மெட்டியை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டாள். பிறகு சட்டைக்குள் கையை விட்டு மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துவிட்டாள். ஆஸ்டலில் இருந்தவரை வாரக்கடைசியில் மட்டும் வந்துபோய், இந்த ஒரு வருஷமாக வேலை தேடி அலைந்து நேரங்கழித்தே வீடு திரும்பிய சிவசங்கரி இதைக் கவனித்ததில்லை. அண்ணியின் கழுத்தில் தொங்கிய கார்டைத் திருப்பினாள். அண்ணியின் படம். கீழே, கே. சிவசங்கரி, திருமணம் ஆகாதவர்.

"அத்த சொன்னாங்க," என்றாள் ஸ்வர்ணலதா. "கோச்சிக்காத சங்கரி. ஆளு புடிக்க வந்த ஏஜென்ட்டுதான் சொன்னான், ஆரு சர்ட்டிபிகேட்டா இருந்தாலும் பரவால்ல, ஜெராக்ஸ்ல மூஞ்சி எங்க தெரியுதுன்னு."

"அந்த ஏஜென்ட்டு இப்போ வந்து எனக்கு வேல வாங்கித் தருவானா?"

"மாட்டான்."

"நீ வேலைய உட்டாதான் நான் சேர முடியும் அண்ணி. சனிக்கெழமைக்குள்ள."

உள்ளேயிருந்து ஸ்வர்ணலதாவின் மகள் மோனிகா ஓடி வந்து அவள் மடியில் விழுந்தாள். செல்லியம்மாதான் நடுவில் புகுந்தாள்.

"இவ ஓ.டி.யோட பதினாறாயிரம் கொண்டாரா. உனக்கு இன்னா தரானுங்க? பன்னெண்டு. இதுல எந்த வேலைய உடணும்னு படிச்சவ நீயே சொல்லு."

"அம்மா, மூணு வருஷம் படிச்சது எதுக்கு? உங்க கணக்குக்கு நான் சாவுற வரைக்கும் எங்கயும் வேலைக்கே போவ முடியாது, தெரியுமா? எங்க போனாலும் இந்த நம்பரு முன்னாடி வந்து நிக்கும்!"

"அப்போ இன்னொரு நம்பரு வாங்கிக்க."

தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது? ஆதார் என்பது ஒருத்தருக்கு ஒன்றுதான் என்று சிவசங்கரி அரைமணி நேரம் விளக்கினாள். செல்லியம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எங்க பேர்லயும் ஒண்ணு கீதே, அதக் குடேன் உன் ஆஸ்பத்திரிக்கு," என்றாள்.

"உடு அத்த," என்றாள் ஸ்வர்ணலதா. மகளின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். "நாளைக்கே எழுதிக் குட்த்துட்றேன். ஆனா கண்ணாலம் ஆவாத பொண்ணுங்க நின்னா, வூட்லேர்ந்து ஒரு ஆளு வந்து கையெழுத்துப் போடணும். அது கம்பெனி ரூலு. உங்க அண்ணன் லோடுக்குப் பூட்ச்சி, ஞாயித்துக்கெழமதான் வரும். நீதான் வரணும்."

"நான் வந்து இன்னான்னு சொல்றது? நான்தான் சிவசங்கரின்னா?"

"என் பேரச் சொல்லு. அண்ணின்னு சொல்லு."

விடியற்காலையில் இருவரும் கிளம்பினார்கள். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினான். சிவசங்கரி பழக்கத்தில் 'சி' என்று ஆரம்பித்துவிட்டாள். அண்ணி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். சிவசங்கரி எழுதியதை அடித்துவிட்டு 'ஸ்வர்ணலதா' என்று எழுதினாள். உறவு என்ற இடத்தில் அண்ணி. முந்தின நாள் பூராவும் தன் பெயரையே எழுதிக் கை வலித்தவள், இப்போது தன் பெயரை மட்டும் எழுதக் கூடாது என்று நிற்கிறாள். என்ன பிழைப்புடா சாமி இது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

எச்.ஆர். அதிகாரி தணிகாசலம் நல்ல மனுஷர். அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. கெட்டவராக இருந்திருந்தால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போங்கடி என்றிருப்பார். இவர் நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். விலகும் காரணம் என்ற கட்டத்தில் ஸ்வர்ணலதா 'கல்யாணம்' என்று எழுதியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சங்கரிக்குக் கல்யாணமா? சொல்லவே இல்ல பாருங்க! மாப்பிள்ள இன்னா பண்றாரு?" என்று சிவசங்கரியைப் பார்த்துக் கேட்டார். வீட்டுப் பெரிய மனுஷி அவள்தானே.

தன் கல்யாணத்துக்குத் தானே மாப்பிள்ளை தேட வேண்டிய நிலைமை சிவசங்கரிக்கு அந்த நிமிஷத்தில் வந்தது. அண்ணி பக்கம் திரும்பினாள்.

"திருப்பதில ஆஸ்பத்திரில," என்றாள் ஸ்வர்ணலதா.

"பலே. நாலு வருஷத்துல ஒரு நாள் லேட் இல்ல. மெமோ இல்ல. இந்த மாதிரி பொண்ண அனுப்ப மனசே வரலம்மா." ஃபைலைப் புரட்டியவர் ஒரு தாளில் நிறுத்தி, அதை சிவசங்கரியின் பக்கம் திருப்பினார். "இதப் பாருங்க. இது நாமினி ஃபார்ம். தனக்கு ஏதாவது ஆய்ட்டா பி.எஃப். பணம் யாருக்குப் போவணும்னு எழுதறது. எல்லாப் பொண்ணுங்களும் அம்மா பேரு, நைனா பேரு எழுதுவாங்க. உங்க நாத்தனா உங்க பேர எழுதிகீது. அண்ணி பேர எழுதுன நாத்தனாவ என் சர்வீஸ்ல நான் பாக்கல. நீங்க குட்த்து வச்சவங்க."

சிவசங்கரி பார்த்தாள். 'ஸ்வர்ணலதா, அண்ணி, முழுத் தொகையும்.' கோணல்மாணலான அந்த எழுத்து அண்ணியுடையது. தணிகாசலம் கடிதத்தில் சீல் வாங்க அடுத்த அறைக்குப் போனதும் அவள் சீறினாள்.

"இது இன்னா கூத்து அண்ணி? உன் பணத்துக்கு உன் பேரயே எழுதிக்கினியா?"

"வேற ஆரு பேர எழுதறது?" ஸ்வர்ணலதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் மிஷின்ல மாட்டிக்கினு செத்தேன்னு வையி. கம்பெனி கணக்குல செத்தது நீதானே? ஸ்வர்ணலதா உயிரோட இருப்பா இல்ல. அவ பேருக்கு வந்தா மோனிகாவுக்கு ஆவும்னுதான்."

"செத்தவ எப்படி வந்து கையெழுத்துப் போட்டு வாங்குவா?"

ஸ்வர்ணலதா கொஞ்சம் யோசித்தாள். "அது அப்போ தோணல," என்றாள்.

சிரிப்பதா, அழுவதா, அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்குவதா என்று சிவசங்கரிக்குத் தெரியவில்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் இவ்வளவு அசட்டுத்தனமும் ஒரே மண்டைக்குள் எப்படித்தான் குடியிருக்கிறதோ! அதற்குள் தணிகாசலம் திரும்பி வந்துவிட்டார். ரிலீவிங் கடிதத்தைக் கொடுத்தார். விலகின தேதியை உடனே ஏற்றச் சொல்லியிருப்பதாகவும், மதியத்துக்குள் அவள் போனுக்கே மெசேஜ் அனுப்புவதாகவும் சொல்லி நம்பரை வாங்கிக்கொண்டார். சிவசங்கரி தன் அண்ணியின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

வெளியே வந்தால் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. நீலக் கோட்டுப் பெண்கள் இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். சங்கரி, சங்கரி என்று கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், கட்டிப் பிடிக்கிறார்கள். செய்தி எப்படித்தான் பரவியதோ. லைன் லீடர் மோகனப்ரியா என்பவள், கண்ணில் தண்ணீரோடு, சிவசங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அண்ணியா? உங்க பொண்ணு எப்படிக்கீறா? மோனிகாதானே பேரு?"

"நல்லாக்கீறா," என்றாள் சிவசங்கரி.

"போன வருஷம் டெங்கு வந்து புத்தூர் ஆஸ்பத்திரில சேத்தீங்களே, அப்போ இவள நீங்க பாத்திருக்கணும். கையி வேல செய்யிது, கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது. அவசரம்னு லீவு கேட்டா, சூப்பர்வைசர் இன்னா சொன்னான் தெரியுமா? அண்ணன் பொண்ணுக்கெல்லாம் லீவு கெடையாது, சொந்தப் பொண்ணா இருந்தா வா பேசலாம்னான். இவ திரும்பி வந்து லைன்ல நின்னுட்டா. எனக்கு மனசு கேக்கல. ஏன்டி, பெத்தவ அங்க இருக்கா இல்ல, நீ ஏன்டி இப்படி அழுவுறன்னு நான்கூடத் திட்டிட்டேன்."

சிவசங்கரி அண்ணியைப் பார்த்தாள். ஸ்வர்ணலதா யாருக்கோ டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள், காதில் விழாதவள் போல. மோனிகாவுக்கு டெங்கு வந்தது சிவசங்கரிக்குத் தெரியும். பரீட்சை நேரம், வர வேண்டாம் என்று போனில் சொன்னார்கள். அவளும் வரவில்லை. அண்ணி குழந்தையோடு ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

வாசலைத் தாண்டி, ரோட்டோரம் புளியமர நிழலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். கழுத்துக் கார்டைக் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வர்ணலதா மெட்டியைப் போட்டுக்கொண்டாள், தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டாள்.

சிவசங்கரியால் அடக்க முடியவில்லை. "நாலு வருஷம் அண்ணி! பெத்த பொண்ண அண்ணன் பொண்ணுன்னு சொல்லிக்கினு, தாலிய உள்ள ஒளிச்சிக்கினு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா வேத்தாளா?"

"நான் எந்த ஊர்ல, இன்னா கம்பெனில வேல செய்றேன்னு நீ ஒரு நாளாச்சும் கேட்டியா சங்கரி?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன் என்கிற மாதிரிதான் கேட்டாள். நேற்றிலிருந்து எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்த சிவசங்கரி யோசித்துப் பார்த்தாள். பீஸ் கட்டியாயிற்றா என்று மாதா மாதம் கேட்டிருக்கிறாள். புது செருப்பு கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதில்லை.

போன் சிணுங்கியது. தணிகாசலத்திடமிருந்து மெசேஜ். ஸ்வர்ணலதா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா போட்டுகீது?"

"வேலேர்ந்து விலகின தேதி ஏறிட்ச்சாம்."

"அப்போ திங்கக்கெழம நீ சேந்துடலாம்," என்றாள் ஸ்வர்ணலதா. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

சிவசங்கரி போனைப் பைக்குள் போட்டாள். "அண்ணி," என்றாள். "அங்க உனக்கு இன்னா வேல?"

ஸ்வர்ணலதா அவள் பக்கம் திரும்பினாள்.

"சார்ஜருக்குள்ள பச்சையா ஒரு சின்ன பிளேட்டு இருக்கும்," என்று ஆரம்பித்தாள். "அதுல ரெண்டு ஒயரு வெக்கணும். ஒண்ணு செவப்பு, ஒண்ணு கறுப்பு. இடுக்கியில இப்டி புடிச்சிக்கினு, இப்டி." இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, காற்றில் இல்லாத ஒரு ஒயரை இல்லாத ஒரு பிளேட்டில் வைத்துக் காட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு வைக்க வேண்டும் என்றாள். முதல் மாதத்தில் நூற்றைம்பதுகூட வரவில்லையாம், அழுகையாக வந்ததாம். சிவசங்கரி கேட்டுக்கொண்டு நின்றாள். புத்தூர் பஸ் ஒன்று வந்து, கை காட்ட ஆளில்லாமல், அப்படியே போய்விட்டது.